துறைமுகத்துக்கு அக்கரையில் ஒரு சுதந்திர நகரம்

வீடு கட்டுவது ஒரு காரியம். ஊர் உண்டாக்குவது முற்றிலும் வேறான காரியம். முதலாவதைச் சிமெண்டும் இரும்பும் பணமும் சேர்ந்து நிறைவேற்றிவிடும். இரண்டாவதற்கு ஜனங்களின் முயற்சியும் காலமும் வேண்டும். சுதந்திரம் பெற்ற சிறு தேசம் ஒன்று இந்த வித்தியாசத்தை அனுபவத்தில் கண்டுகொண்ட வரலாற்றை இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய ஜமெய்க்காவின் தலைநகரம் கிங்ஸ்டன். அதன் துறைமுகத்து நீர்ப்பரப்புக்கு மேற்கே, அக்கரையில், போர்ட்மோர் என்னும் குடியிருப்பு பரந்து கிடக்கிறது. பெயருக்குத்தான் அது புறநகரம். 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அங்கே 1,82,000 பேருக்கு மேல் வசித்தார்கள்.

அந்தக் கரைக்குப் பழைய சரித்திரம் ஒன்று உண்டு. 1655-ம் வருஷம் மே மாதத்தில், ஸ்பானியரிடமிருந்து தீவைப் பறிப்பதற்காக ஆங்கிலேயப் படை வந்து இறங்கிய இடமாகிய பாஸேஜ் கோட்டை இப்பகுதியைச் சேர்ந்ததே. போர்ட்மோர் அமைந்துள்ள செயிண்ட் காதரீன் மாவட்டத்திலேயே, மேற்கே ஓல்டு ஹார்பர் குடாவில், 1845-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி 'ப்ளண்டல்' என்ற கப்பல் இந்தியக் கூலிகளின் முதல் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கிற்று. 1917-ம் வருஷம் வரையில் சுமார் 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவுக்குச் சென்றார்கள். இன்று ஜமெய்க்காவில் விருந்து என்றால் ஆட்டுக்கறிக் குழம்பு இல்லாமல் இராது. அதற்கு மசாலாவைக் கொண்டு சென்றவர்கள் நம்மவர்களே.

அந்நியர் ஆட்சி வந்து இறங்கிய அதே கரையில், ஜமெய்க்கா 1962-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி சுதந்திரம் அடைந்த பிறகு, புதிய குடியிருப்புகள் எழுந்தன. அவற்றில் முதன்மையான ஒன்றுக்கு 'இண்டிபெண்டன்ஸ் ஸிடி', அதாவது சுதந்திர நகரம், என்று பெயரிட்டார்கள். கிராமங்களிலிருந்து பிழைப்பைத் தேடி வந்தவர்களால் கிங்ஸ்டன் நிரம்பி வழிந்த காலம் அது. தகரக் கொட்டகைகளில் குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. சதுப்பும் உப்பளமுமாக இருந்த அக்கரைத் தாழ்நிலத்துக்கு அணை போட்டு, மண் நிரப்பி, வீட்டுமனையாக்கினார்கள். மட்டலான் குடும்பத்தாரின் கம்பெனி ஒன்று, அச்சுச் சட்டங்களை நிறுத்திக் கான்கிரீட்டை வார்த்து, ஒரே மாதிரியான வீடுகளை வரிசை வரிசையாக எழுப்பிற்று. தொழிற்சாலையில் சாமான் செய்வதுபோல வீடு செய்த முறை அது. விலை குறைந்ததும் இதனாலேயே.

1976-ம் வருஷத்தில், மைக்கேல் மான்லி பிரதம மந்திரியாக இருந்தபோது, தேசிய வீட்டுவசதி நிதி என்ற பொது ஸ்தாபனம் ஏற்பட்டது. தொழிலாளி தன் சம்பளத்தில் நூற்றுக்கு 2 பங்கும், முதலாளி 3 பங்கும் இந்த நிதிக்குச் செலுத்த வேண்டும். அதிலிருந்து குறைந்த வட்டிக்கு வீட்டுக் கடன் கிடைக்கும். எல்லோருடைய பணமும் எல்லோருடைய கூரைக்கும் உதவும் என்னும் இந்த ஏற்பாடு மிகவும் மெச்சத் தக்கது. 1990-க்குப் பின் எழுந்த 'கிரேட்டர் போர்ட்மோர்' என்னும் பகுதியில் ஏறக்குறைய 10,000 வீடுகள் கட்டப்பட்டதற்கும் இந்த நிதி பெருந்துணை புரிந்தது.

அவ்வீடுகளில் பல மிகச் சிறியவை. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஒரு குளியலறை, அவ்வளவுதான். "தீப்பெட்டி" என்று பரிகாசம் செய்வது எளிது. ஆனால் அவை விதைபோலக் கொடுக்கப்பட்ட வீடுகள். கையில் காசு சேரச் சேர, குடும்பத்தார் ஒரு படுக்கையறையைக் கூட்டினார்கள். பிறகு தாழ்வாரம், அதன் மேல் மாடி, வாசலில் இரும்புக் கிராதி. அயல்நாடுகளில் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பிய பணமும் இப்படிச் சுவராக மாறியது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள் இன்று ஒன்றைப்போல் ஒன்று இல்லை. கம்பெனி கட்டிய வீட்டை ஜனங்கள் தங்கள் வீடாக்கிக் கொண்டார்கள்.

வீடுகள் வந்த வேகத்தில் மற்றச் சௌகரியங்கள் வரவில்லை என்பதே இக்கதையின் மறுபக்கம். பெரிய கடைத்தெருக்கள் வந்தன, கலாசாலையும் வந்தது. ஆனால் உத்தியோகம் பெரும்பாலும் கிங்ஸ்டனிலேயே இருந்தது. பெரிய வியாதி என்றால் கிங்ஸ்டனுக்கோ ஸ்பானிஷ் டவுனுக்கோ போவதே வழக்கமாயிற்று. ஜமெய்க்காவின் நெரிசலான பள்ளிகளில், காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம் என்று மாணவர்களை இரு பகுதியாகப் பிரித்துப் பாடம் சொல்லும் முறை பல்லாண்டு நடந்தது. காலைப் பகுதிப் பிள்ளை இருட்டோடு எழுந்து ஓட வேண்டும். மாலைப் பகுதிப் பிள்ளை இருட்டில் வீடு திரும்ப வேண்டும். ஆயிரக்கணக்கில் வீடு கட்டுகிறவர்கள் அவற்றில் பிறக்கப்போகும் குழந்தைகளையும் எண்ணிப் பார்த்துப் பள்ளிக்கூடம் கட்டியாக வேண்டும் என்பது ஆசிரியர்கள் எந்த நாட்டிலும் சொல்லி ஓயாத விஷயம்.

போக்குவரத்தின் கதை இன்னும் சுவையானது. துறைமுகத்தின் குறுக்கே 1969-ம் வருஷத்தில் திறந்த பாலச்சாலைதான் போர்ட்மோருக்கு உயிர் கொடுத்தது. 2006-ம் வருஷத்தில் அதற்குப் பதிலாக அகலமான புதிய பாலம் வந்தது. கூடவே சுங்கச்சாவடியும் வந்தது. தினந்தோறும் வேலைக்குப் போய்வருகிறவர்கள் தங்கள் வீட்டு வாசலைத் தாண்டவே காசு கொடுக்கும்படி ஆயிற்று. வேறு வழி உண்டு; அது சுற்று வழி. ஜனங்கள் ஆட்சேபித்தார்கள், கூட்டம் போட்டார்கள், நீதிமன்றத்துக்கும் சென்றார்கள். சுங்கம் நிற்கவில்லை. எனினும் அந்தக் கிளர்ச்சி ஒரே ஊர்க்காரர்கள் என்ற உணர்ச்சியை வளர்த்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதற்குச் சற்று முன்பே, 2003-ம் வருஷத்தில், போர்ட்மோருக்குத் தனி நகர சபை கிடைத்திருந்தது. ஜமெய்க்காவின் மற்ற ஊர்களில் மேயரை அங்கத்தினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். போர்ட்மோரிலோ ஜனங்களே நேராக வோட்டளித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஜார்ஜ் லீ என்பவர் முதல் மேயரானார். 2025-ம் வருஷத்தில், போர்ட்மோரை நாட்டின் 15-வது மாவட்டமாக்கும் மசோதா பார்லிமெண்டில் நிறைவேறியது. 1867-ம் வருஷம் முதல் மாறாதிருந்த 14 என்ற எண்ணிக்கைக்கு வந்த மாறுதல் இது. எல்லைகள் கட்சி லாபத்துக்காக வகுக்கப்பட்டன என்று எதிர்க்கட்சி கண்டித்தது. அந்தச் சச்சரவு எப்படியாயினும், உறங்குவதற்கு மட்டும் இடமென்று கட்டிய குடியிருப்பு, தன்னைத்தானே ஆள உரிமை கேட்கும் ஊராக வளர்ந்தது உண்மை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்வூரார் தெற்கே ஹெல்ஷயர் கடற்கரைக்குப் போகிறார்கள். பொரித்த மீனும், 'பாமி' என்னும் மரவள்ளி ரொட்டியும் அங்கே பிரசித்தம். பக்கத்துக் குன்றுகளில், அற்றே போயிற்று என்று கருதப்பட்ட ஜமெய்க்கா உடும்பு ஒன்றை 1990-ம் வருஷத்தில் வேட்டை நாய் பிடித்துக் கொண்டுவந்ததாம்! ஆனால் அந்தக் கடற்கரையின் மணலைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது. துறைமுக வாயிலில் இருக்கும் போர்ட் ராயல் என்ற பட்டணத்தின் பெரும்பகுதி 1692-ம் வருஷத்துப் பூகம்பத்தில் மணல் இளகிக் கடலுக்குள் மூழ்கிப் போயிற்று. போர்ட்மோரின் தாழ்ந்த நிலமும் புயலுக்கும் பூகம்பத்துக்கும் அஞ்ச வேண்டியதே. சூறாவளி வருகிறதென்றால், ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சில சாலைகள் வழியே வெளியேறியாக வேண்டும்.

ஆகவே, அக்கரை மக்களுக்கு இன்னும் வேலை மிச்சமிருக்கிறது. ஆஸ்பத்திரி வேண்டும், வடிகால் வேண்டும், ஆபத்துக் காலத்துக்கு வழி வேண்டும். ஓரறை வீட்டுக்கு ஒவ்வோர் அறையாகச் சேர்த்து மாடி வரைக்கும் கொண்டுவந்தவர்கள் அவர்கள். ஊருக்குக் குறைவாக உள்ளவற்றையும் அதே பொறுமையோடு சேர்த்து முடிப்பார்கள் என்று நம்புவோமாக.