எண்ணாகிப் போன பெயர்கள்

தமிழகத்துச் சிற்றூர்கள் சிலவற்றில், பழைய பள்ளிச் சுவரிலோ ஊர்ப் பொதுக்கட்டடத்திலோ ஒரு சிறிய பளிங்குப் பலகை பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். 1914 முதல் 1919 வரை நடைபெற்ற பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர். அவர்களுள் இத்தனை பேர் உயிர்நீத்தனர் என்னும் செய்தி அதில் இருக்கும். இரண்டே எண்கள். பெயர் ஒன்றும் இராது.

நான் ஆசிரியராகப் பணியாற்றிய ஊர் ஒன்றிலும் அத்தகைய பலகை உண்டு. அதனைக் கடந்துதான் நாள்தோறும் வகுப்புக்குச் சென்றேன். வகுப்பில், நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்னும் ஆறு நிலைகளையும் வரிசை பிறழாமல் மாணவர்களை ஒப்பிக்கச் செய்தேன். தேர்வுக்குரிய வினா அல்லவா! அந்த ஆறு நிலைகளுக்கும் தெருவோரப் பலகைக்கும் தொடர்பு உண்டு என்பது எனக்குப் பல ஆண்டுகள் தோன்றவேயில்லை.

நடுகல்லின் உயிர் பெயரில் இருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட சங்ககால நடுகல், ஆகோள் பூசலில் மாண்ட அந்தவன் என்பவனின் கல் என்று தமிழி எழுத்தில் அறிவிக்கிறது. அவன் வேந்தனும் அல்லன், வேளும் அல்லன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அவனைப் பெயர் சொல்லி அழைக்க நம்மால் இயல்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள, மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. இறந்துபட்ட வீரனோடு, கள்வரைக் கடித்து அவனுக்குத் துணைநின்ற நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன். நாயின் பெயரையும் கல்லில் வெட்டி வைத்த மண்ணில், போருக்குச் சென்ற மனிதர்கள் வெறும் எண்ணாகப் பொறிக்கப்பட்டார்கள்.

முதல் உலகப்போரில் ஏறத்தாழ 13 இலட்சம் இந்தியர் படைப்பணியிலும் துணைப்பணியிலும் ஈடுபட்டனர். சுமார் 74,000 பேர் உயிரிழந்தனர். பிரான்சின் சேற்றுக் குழிகளிலும், கலிப்பொலியிலும், கிழக்கு ஆப்பிரிக்கக் காடுகளிலும், இன்றைய ஈராக்காகிய மெசபடோமியாவிலும் அவர்கள் போரிட்டனர். சென்னை மாகாணத்தின் காலாட்படைகளும், பாலமும் பாதையும் அமைக்கும் மதராஸ் சாப்பர்ஸ் படையும் அவர்களுள் அடங்கும். துப்பாக்கி ஏந்தியவர்களை மட்டும் நாம் எண்ணுதல் கூடாது. சுமை தூக்கியோர், கோவேறு கழுதைகளை ஓட்டியோர், சமைத்தோர், துப்புரவு செய்தோர் ஆகியோரும் அதே வெயிலில், அதே காய்ச்சலில் மடிந்தனர்.

போரில் இறந்தவர்களை நினைவுகூர்வதற்காகப் பிரிட்டன் 1917இல் போர்க்கல்லறை ஆணையம் ஒன்றை நிறுவியது. பதவி, இனம், சமயம் எனும் வேறுபாடின்றி ஒவ்வொருவரையும் பெயரிட்டு நினைவுகூர்வதே அதன் கொள்கை. பிரான்சில் நவ் சாப்பல் என்னுமிடத்தில் 1927இல் திறக்கப்பட்ட இந்திய நினைவிடத்தில், 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுக் கொள்கை ஓரளவு காக்கப்பட்டது. ஈராக்கின் பாஸ்ரா நினைவிடத்திலோ அது கைவிடப்பட்டது. அங்கே இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் கீழ் எண்ணிக்கை மட்டுமே. அவ்வாணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில், பெரும்பாலும் ஆப்பிரிக்க, இந்திய, எகிப்திய மக்களாகிய குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. நூறாண்டு கழித்து வந்த வருத்தம் அது.

ஆனால், குற்றம் முழுவதையும் அயலார்மீது சுமத்திவிட்டு நாம் விலகிக்கொள்ள இயலாது. 1914 செப்டம்பர் 22 அன்று இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய செருமானியக் கப்பலின் பெயர் எம்டன். எண்ணெய்க் கிடங்குகளை எரித்துவிட்டு, சிறிது நேரத்தில் அது மறைந்துவிட்டது. அந்தப் பெயர் நம் பேச்சுவழக்கில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது; இன்றும், 'அவன் சரியான எம்டன்' என்கிறோம். தாக்க வந்த கப்பலின் பெயரை மறவாத நாம், நம் தெருவிலிருந்து சென்றவனின் பெயரை மறந்தோம்.

அவர்கள் போரிட்டது அந்நியப் பேரரசுக்காக அல்லவா? கூலிக்காகச் சென்றவர்களுக்கு நினைவுச்சின்னம் எதற்கு? மாணவர்கள் சிலர் என்னிடம் இவ்வாறு கேட்டதுண்டு. நேர்மையான வினாதான். வறுமையும் ஊதியமும் பலரைப் படைக்கு இழுத்தன என்பதும், போர் முடிந்த மறு ஆண்டே, அதாவது 1919இல், ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலாபாக் படுகொலையும் நிகழ்ந்தன என்பதும் உண்மை. ஆயினும் நம் நடுகற்களை நோக்குங்கள். ஆநிரையை மீட்டு இறந்தவனுக்கு மட்டுமன்றி, கவர்ந்து இறந்தவனுக்கும் கல் நாட்டினர் நம் முன்னோர். வெட்சிக்கும் கல், கரந்தைக்கும் கல். ஏவியவனின் நோக்கத்தை எடைபோட்ட பின்னரே இறந்தவனுக்குக் கல் எடுக்க வேண்டும் என்று அவர்கள் கருதவில்லை. பேரரசைக் கண்டிப்பது வேறு. அதன் போரில் மாண்ட உழவனின் மகனைப் பெயரற்றவனாக விட்டுவிடுவது வேறு. இரண்டாவதைச் செய்தால், அவனை எண்ணாக மட்டும் கண்ட அந்தப் பேரரசின் கணக்கையே நாமும் ஏற்றவராவோம்.

பெயர்கள் அனைத்தும் அழிந்துவிடவில்லை. பஞ்சாப் மாகாணத்திலிருந்து சென்ற ஏறத்தாழ 3,20,000 வீரர்களின் விவரங்கள் அடங்கிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் எவராலும் புரட்டப்படாமல் கிடந்தன. அவை 2021இல் கணினியில் ஏற்றப்பட்டு, தம் ஊர்ப்பெயரைக் கொண்டே பாட்டனைத் தேடும் வாய்ப்பு அம்மக்களுக்குக் கிடைத்தது. நம் ஊர்களில் அத்தகைய தேடலை யார் தொடங்குவது? பதினொன்றாம் வகுப்பு மாணவர் தொடங்கலாம் என்பது என் கருத்து. பளிங்குப் பலகை இருக்கும் ஊராயின், முதலில் அதனைத் துடைத்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் முதியோரிடம் கேளுங்கள். 'பட்டாளத்துக்காரர் வீடு' என்று இன்றும் வழங்கும் வீடுகள் இருக்கும். அப்போருக்காக வீரர்களுக்கு வழங்கப்பட்ட வெள்ளிப் பதக்கங்களுள் தட்டார் உலையில் உருகியவை போக, எஞ்சியவை ஏதேனும் ஒரு தகரப்பெட்டியின் அடியில் கிடக்கக்கூடும். பதக்கத்தின் முகத்தில் பிரித்தானிய மன்னரின் தலை இருக்கும். அதனை விட்டுவிட்டு, விளிம்பை வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். படை எண்ணுக்கு அடுத்து, சிறிய ஆங்கில எழுத்துகளில் அவருடைய பெயர் இருக்கும்.