ஒரு பவுணுக்கு எத்தனை நாள் பேர்?



சம்பளம், சேமலாப நிதி, லயத்துக் கூரை, காணி உறுதி ஆகியவையே இந்தப் பக்கத்தில் நாம் வழமையாகப் பேசுபவை. இம்முறை தங்கத்தைப் பற்றி எழுதுகிறோம். வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் எமது அங்கத்தவர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே கேள்விதான் வருகிறது: "கையில் இருக்கும் கொஞ்சக் காசை வங்கியில் போடுவதா, ஒரு மோதிரமாவது வாங்கி வைப்பதா?" தென்னந்தோட்டத்தில் வேலை செய்பவர்களும் இதைக் கேட்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்தை விட்டு இங்கே வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. 2022ஐ எவரும் மறக்கவில்லை. அந்த ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுப் பொருட்களுக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் 94.9 சதவீதம்.

அந்த வருடத்தில் சேமிப்புக்கு என்ன நடந்தது? 2021 டிசெம்பரில் ஒரு தொழிலாளியின் சேமலாப நிதியில் 5 இலட்சம் ரூபா இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 2022க்குக் கொடுத்த வட்டி 9 சதவீதம். வருட முடிவில் கணக்கில் 545,000 ரூபா. டிசெம்பரில் பணவீக்கம் 57.2 சதவீதமாக நின்றது. அதாவது முந்திய வருடம் 5 இலட்சத்துக்கு வாங்கிய சாமான்களை வாங்க இப்போது 786,000 ரூபா தேவை. ஒருவரும் திருடவில்லை, புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை. ஆனாலும் இரண்டரை இலட்சத்துக்குக் கிட்டிய பெறுமதி காணாமல் போய்விட்டது. அதே 5 இலட்சத்துக்குத் தங்கம் வைத்திருந்தவரிடம் வருட முடிவில் ஏறத்தாழ 9 இலட்சம் இருந்தது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஒரு வருடத்தில் உலகச் சந்தையில் தங்கத்தின் டொலர் விலை ஏறவே இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் 1,800 டொலரை ஒட்டியே நின்றது. தங்கம் இருந்த இடத்திலேயே இருந்தது, எங்கள் ரூபாதான் கீழே போனது.

பணத்தைக் கம்பனிகளில் போட்டவர்களின் கதையும் உண்டு. 2020 மே 22ஆம் திகதி 'த பினான்ஸ்' கம்பனியின் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தது. அப்போது வைப்புக் காப்புறுதியில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய உச்சத்தொகை 6 இலட்சம். இத்தகைய செய்திகளைக் கேட்டு வளர்ந்த சனம் காதில் கிடக்கும் தோட்டை நம்புவதில் வியப்பில்லை. அரசாங்கமே அதைத்தான் நம்பியது. 2021 கடைசியில் டொலர் தட்டுப்பட்டபோது, கையிருப்பிலிருந்த தங்கத்தில் பாதிக்கு மேல் மத்திய வங்கி விற்றுத் தீர்த்தது. தாலிக்கொடியைக் கழற்றிக் கொண்டு அடகுக் கடைக்குப் போகும் குடும்பத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் எமக்குத் தெரியவில்லை.

ஆனால் எங்களில் எத்தனை பேரிடம் அந்தத் தங்கம் வீட்டில் இருந்தது? பெரும்பாலான வீடுகளில் இருப்பது அடகுச் சீட்டு. படுவான்கரையில் இது வருடாந்தச் சடங்கு. ஐப்பசியில் விதைப்புக்கு நகை உள்ளே போகும், மாசி பங்குனியில் அறுவடை முடிந்ததும் வெளியே வரும். 2021 மே மாதம் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது. உள்ளே போன நகை வெளியே வரவில்லை. பிறகு 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்த, அடகு வட்டியும் ஏறியது. தங்கத்தின் விலை ஏறியதில் இலாபம் பார்த்தவர் நகையைக் கையில் வைத்திருந்தவர்தான். சீட்டை வைத்திருந்தவருக்கு மீட்கும் செலவுதான் கூடியது.

நகை விலை எப்போதும் ஏறும் என்று சொல்பவர்களுக்கு 2013ஐ நினைவூட்டுகிறோம். 2011 செப்டெம்பரில் அவுன்ஸ் 1,900 டொலர்வரை போன தங்கம் 2013 முடிவில் 1,200ஐ ஒட்டி வந்து நின்றது. விலை உச்சத்தில் இருந்தபோது கிடைத்த அளவுக்கெல்லாம் கடன் எடுத்திருந்தார்கள். விலை விழுந்ததும் நகையின் பெறுமதியைவிடக் கடனும் வட்டியும் பெரிதாகிவிட்டது. மீட்பதில் அர்த்தமில்லை என்று ஆயிரக்கணக்கானோர் நகையை அப்படியே விட்டார்கள். அடுத்த வருடம் வங்கிகளின் அடகுக் கடன்களுக்கு உத்தரவாதம் கொடுக்க மத்திய வங்கி ஒரு திட்டமே கொண்டுவந்தது. அம்மாவின் சங்கிலிக்கு உத்தரவாதம் கொடுக்க எந்தத் திட்டமும் வரவில்லை. இன்று விலை ஏறியிருப்பதால், "உங்கள் நகைக்கு இன்னும் கொஞ்சம் எடுக்கலாம்" என்று கவுண்டரில் சொல்லக்கூடும். அது உங்களுக்குக் கிடைத்த இலாபமல்ல, இன்னொரு கடன்.

இந்த மண்ணில் தங்கத்தைக் காவல் காப்பதும் இலேசல்ல. 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளை வேரோடு சாய்த்தது. புதுக்கன்று காய்க்க ஐந்தாறு வருடமாகும். அந்த இடைவெளியைப் பல குடும்பங்கள் பெண்களின் காப்பையும் சங்கிலியையும் வைத்தே கடந்தன. 1990இல் ஓடியவர்களுக்குச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போக முடிந்தது நகை மட்டும்தான். ஆனால் 2004 டிசெம்பர் 26 காலையில் நாவலடியிலும் கல்லடியிலும் அலுமாரியோடு சேர்த்துக் கடல் கொண்டுபோனது. வயலையும் வீட்டையும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, தங்கத்தைத் தூக்கலாம் என்பது உண்மைதான், ஓட நேரம் கிடைத்தால்.

இனி எமது தொழிலின் கணக்கு. 2021 மார்ச்சில் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அன்றைய உலக விலையில், வரியும் செய்கூலியும் சேர்க்காமல், 8 கிராம் சுத்தத் தங்கம் ஏறத்தாழ 87,000 ரூபா. அதாவது 87 நாள் பேர். 2025 ஒக்டோபரில் தங்கம் முதன்முறையாக அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது. அதே 8 கிராம் மூன்று இலட்சத்துக்கு மேல். அப்போது நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அதாவது 230 நாள் பேர். மாதம் 25 நாள் வேலை கிடைத்து, ஒரு பிடி அரிசிகூட வாங்காமல் இருந்தாலும் ஒன்பது மாதம். தென்னந்தோட்டத்துச் சம்பளம் வேறு கணக்கு என்றாலும் போகும் திசை ஒன்றுதான். "தங்கம் வாங்கிச் சேமியுங்கள்" என்று தொழிலாளிக்குப் புத்தி சொல்பவர்கள் முதலில் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லட்டும்.

எனவே எமது கருத்து இது. கடன் எடுத்துத் தங்கம் வாங்காதீர்கள். நுண்கடன் எடுத்து வாங்குவது அதைவிட மோசம். சீட்டுக் காசு கையில் விழுந்து, வேறு அவசரமும் இல்லையென்றால், கல் பதிக்காத 22 கரட் மோதிரமோ காப்போ வாங்குங்கள். கல்லுக்கும் வேலைப்பாட்டுக்கும் கொடுத்த காசு விற்கும்போது திரும்பாது. நிறையும் கரட்டும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நகை வீட்டுப் பெண்ணுடையது. வீடும் வளவும் மகளுக்கே என்ற வழக்கமுள்ள ஊர் இது. அவளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு அடகுக்குப் போய், அங்கிருந்து தவறணைப் பக்கம் திரும்பும் தோழர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

சங்கம் செய்ய வேண்டியது வேறு. நாட்சம்பளம் வாழ்க்கைச் செலவோடு சேர்ந்து ஏற வேண்டும். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் சுமையைச் சேமலாப நிதியின் தலையில் ஏற்றியதுபோல இனியொரு முறை ஏற்றக்கூடாது. ஏலம் போடுமுன் அடகு வைத்தவருக்குத் தமிழில் எழுத்து அறிவித்தல் போய்ச் சேர வேண்டும். கடனும் வட்டியும் செலவும் போக ஏலத்தில் மிஞ்சும் பணம் கேட்காமலே அவர் கைக்கு வர வேண்டும்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டிலுள்ள அடகுச் சீட்டுகளையும் கொண்டுவாருங்கள். தவணைத் திகதி, வட்டி வீதம், இதுவரை ஏறிய வட்டி ஆகியவற்றைக் கிளைச் செயலாளர் உங்களோடு இருந்து வாசித்துக் கணக்குப் பார்ப்பார். தவணை முடியக் கிட்டியுள்ள சீட்டுகளை முதலில் பார்ப்போம்.