அழாத குழந்தைகள்!

"அவன் பிறவிக் குணம் அப்படி" என்று சிலர் சொல்வார்கள். "இல்லை, இல்லை! வளர்ப்பு சரி இல்லை" என்று வேறு சிலர் சொல்வார்கள். எது உண்மை?

இந்தக் கேள்விக்கு ஒரு நாடு பதில் சொல்லி இருக்கிறது. அந்தப் பதில் கிடைப்பதற்குள், ஆயிரக்கணக்கான குழந்தைகளின் வாழ்வு பாழாகிவிட்டது.

அந்த நாடு, ருமேனியா.

சர்வாதிகாரியின் உத்தரவு

ருமேனியா, கிழக்கு ஐரோப்பாவில் இருக்கிறது. அதன் தலைநகரம் புகாரெஸ்ட். 1965 முதல் அந்த நாட்டை ஆண்டவர், சவுசெஸ்கு என்ற சர்வாதிகாரி.

ஜனத்தொகை பெருகினால் நாடு முன்னேறும் என்று அவர் நினைத்தார். 1966-ல் கருக்கலைப்பைத் தடை செய்து உத்தரவு போட்டார். கருத்தடைச் சாதனங்களும் கிடைக்கவில்லை.

குழந்தைகள் பிறந்தன. ஆனால், வளர்க்கத்தான் வழி இல்லை. ஏழைப் பெற்றோர்கள் குழந்தைகளை அரசாங்க விடுதிகளில் கொண்டுபோய் விட்டார்கள்.

இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் அனாதைகள் அல்ல. தாய் உயிரோடு இருந்தாள். தகப்பனும் இருந்தான். வறுமைதான் அவர்களைப் பிரித்தது.

1989 டிசம்பரில் புரட்சி வெடித்தது. டிசம்பர் 25-ந் தேதி சவுசெஸ்கு சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதிகளின் கதவுகள் திறந்தன. உள்ளே 1 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள்!

சத்தம் இல்லாத அறை

விடுதிக்குள் போனவர்களைத் திடுக்கிட வைத்தது எது தெரியுமா? அழுகைச் சத்தம் அல்ல. சத்தமே இல்லாததுதான்!

வரிசை வரிசையாகத் தொட்டில்கள். அவற்றில் குழந்தைகள். சில குழந்தைகள் முகட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தன. சில குழந்தைகள் தங்களைத் தாங்களே முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு இருந்தன. அழுகை மட்டும் கேட்கவில்லை.

என்ன காரணம்?

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது நம் பழமொழி. அங்கே அழுத பிள்ளையிடம் யாரும் வரவில்லை. ஓர் ஆயா பத்துப் பன்னிரண்டு குழந்தைகளைப் பார்க்க வேண்டும். மணி அடித்தாற்போல் பால் புட்டி வரும். துணி மாற்றுவார்கள். அதோடு சரி. தூக்கிக் கொஞ்ச ஆள் இல்லை. பேச்சுக் கொடுக்க ஆள் இல்லை. அழுதால் பயன் இல்லை என்று குழந்தைகள் தெரிந்துகொண்டன. அழுவதை நிறுத்திவிட்டன.

136 குழந்தைகள்

2000-ம் ஆண்டில், அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 3 பேர் புகாரெஸ்ட் நகரத்துக்கு வந்தார்கள். அவர்கள் பெயர்: சார்லஸ் நெல்சன், நாதன் பாக்ஸ், சார்லஸ் ஜீனா.

நகரத்தில் இருந்த 6 விடுதிகளில் இருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்து எடுத்தார்கள். சின்னக் குழந்தைக்கு வயது 6 மாதம். பெரிய குழந்தைக்கு இரண்டரை வயது. குலுக்கல் முறையில் குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். 68 குழந்தைகள் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். மற்ற 68 பேர் விடுதியில் இருந்தார்கள்.

"பாதிப் பேரை விடுதியிலேயே விட்டது நியாயமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த ஆராய்ச்சி நடக்காவிட்டால், 136 பேரில் அநேகமாக எல்லோருமே விடுதியில்தான் இருந்திருப்பார்கள். அப்போது அந்த நகரத்தில் வளர்ப்புக் குடும்பங்கள் கிடைப்பது அரிது. பிறகு ஒரு குழந்தைக்கு வீடு கிடைத்தால், அது போவதை ஆராய்ச்சியாளர்கள் தடுக்கவில்லை.

முடிவு என்ன?

மூன்றரை வயதில், குழந்தைகளின் அறிவுத்திறனைச் சோதித்தார்கள். இந்தச் சோதனையில் சராசரி மதிப்பெண் 100.

விடுதிக் குழந்தைகள் பெற்றது, சுமார் 77.

வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்கள் பெற்றது, சுமார் 86.

அதே நகரத்தில் சொந்த வீட்டில் வளர்ந்த குழந்தைகள் பெற்றது, சுமார் 103.

அறிவு மட்டும் அல்ல, குணமும் மாறியது. குடும்பத்துக்குப் போன குழந்தைகள் வளர்ப்புத் தாயிடம் ஒட்டிக்கொண்டார்கள். சிரித்தார்கள். பயமும் ஏக்கமும் குறைந்தன. ஆனால், ஒரு குறை எளிதில் தீரவில்லை. ஓர் இடத்தில் நிலைத்து உட்காருவதும், ஒரு வேலையில் மனதைச் செலுத்துவதும் அவர்களுக்குக் கடினமாகவே இருந்தன.

இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன குழந்தைகள்தான் அதிகம் தேறினார்கள். 8 வயதில் அவர்களுடைய மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். சொந்த வீட்டில் வளர்ந்த குழந்தைகளின் அலைகளைப் போலவே அவை இருந்தன!

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று பெரியவர்கள் சொன்னது சும்மா அல்ல. முதல் சில ஆண்டுகளில் மூளை மிக வேகமாக வளருகிறது. தாய் சிரிக்கிறாள், குழந்தை பதிலுக்குச் சிரிக்கிறது. குழந்தை அழுகிறது, தாய் ஓடி வருகிறாள். இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் மூளை பக்குவப்படுகிறது. "கூப்பிட்டால் ஆள் வரும்" என்ற நம்பிக்கையும் அதில்தான் பிறக்கிறது.

பிறவிக்குப் பங்கு இல்லையா?

இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

ருமேனியாவில் இருந்து இங்கிலாந்துக்குத் தத்துப் போன 165 குழந்தைகளை, வேறு ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். 6 மாதத்துக்குக் குறைவாக விடுதியில் இருந்தவர்கள், மற்ற தத்துப் பிள்ளைகளைப் போலவே நன்றாக வளர்ந்தார்கள். அதற்கு மேல் இருந்தவர்களில் பலருக்கு, வாலிப வயதிலும் தொல்லை தீரவில்லை. ஆனால், அவர்களிலும் 5 பேரில் ஒருவர் எந்தக் குறையும் இன்றித் தலைநிமிர்ந்தார்.

ஒரே கொடுமையை ஒருவர் தாங்குகிறார், இன்னொருவர் ஒடிந்துபோகிறார். விதை வேறு வேறுதான். ஆனால், தண்ணீரே ஊற்றாமல் விதையைக் குறை சொல்லலாமா?

சட்டம் மாறியது

ருமேனியா பாடம் கற்றது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை விடுதியில் சேர்க்கக்கூடாது என்று 2004-ல் சட்டம் இயற்றியது. கடுமையான ஊனம் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் விதிவிலக்கு.

நம் நாட்டிலும் 2015-ல் வந்த இளைஞர் நீதிச் சட்டம் இதையே சொல்லுகிறது. குழந்தைக்குக் குடும்பமே முதல் இடம். வேறு வழியே இல்லாதபோதுதான் விடுதி.

ஆனாலும், வறுமையின் காரணமாகப் பிள்ளையை விடுதியில் விடும் தாய்மார்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்க உதவித்தொகை உண்டு. மத்திய அரசின் "மிஷன் வாத்சல்யா" திட்டத்தில், தகுதி உள்ள குழந்தைக்கு மாதம் 4 ஆயிரம் ரூபாய் கிடைக்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரிக்கலாம். 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிறந்த நாள் வந்தால், விடுதிக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடுகிறோம். நல்ல காரியம்தான். ருமேனியாவில் குழந்தைகளுக்குப் பால் கிடைத்தது, துணி கிடைத்தது, கூரையும் இருந்தது. கிடைக்காதது, "இது என் பிள்ளை" என்று சொல்லித் தினமும் வந்து தூக்கும் ஓர் ஆள்தான். பக்கத்துத் தெருவில் ஓர் ஏழைத் தாய் பிள்ளையை விடுதிக்கு அனுப்பப் போகிறாள் என்று தெரிந்தால், இந்த உதவித்தொகையைப் பற்றி அவளிடம் சொல்லுங்கள். மனுப் போடத் துணைக்குப் போங்கள்.

அந்தப் பிள்ளை அழும்போது, தூக்க அதன் தாயே பக்கத்தில் இருப்பாள்.