மொறட்டுவையா, பேராதனையா?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானால், திருகோணமலை உட்துறைமுக வீதியிலுள்ள என் வீட்டு விறாந்தைக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவர். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று இன்னமும் நம்புகின்ற ஊர் இது. இம்முறை வந்தவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் தாயாரும். கணிதப் பிரிவில் நல்ல இசட் புள்ளி. கையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேடு.

“மாமா, பொறியியலுக்கு முதலாவதாக எதைப் போடுவது?”

பிள்ளையின் விருப்பம் மொறட்டுவை. தாயாரின் விருப்பம் பேராதனை. கண்டி சுமார் 180 கிலோமீட்டர்தான், காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம் என்பது அவர் கணக்கு.

கொழும்பில் 1950 இல் தொடங்கிய பொறியியல் பீடம் 1964 இல் பேராதனைக்குச் சென்றது. மொறட்டுவையோ 1960 இல் கட்டுபெத்தையில் அமைந்த ஒரு தொழினுட்ப நிறுவனத்திலிருந்து வளர்ந்து 1978 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று இரண்டும் நாட்டின் கெட்டிக்காரப் பிள்ளைகளையே எடுக்கின்றன. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014 இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் இணைந்த பின்னர், அது அங்கீகரித்த பட்டம் எங்கிருந்து வந்தாலும் வெளிநாட்டில் மதிப்பு ஒன்றுதான்.

ஆனால் நம்மவர்கள் வெட்டுப்புள்ளிப் பட்டியலை விரித்துவைத்துக்கொண்டு, தசமப் புள்ளிக்குப் பின்னால் நான்காம் இலக்கத்தில் தரம் தேடுகிறார்கள். வெட்டுப்புள்ளி என்பது அவ்வருடம் அந்த மாவட்டத்திலிருந்து கடைசியாக எடுபட்டவரின் புள்ளி. எத்தனை பேர் ஆசைப்பட்டார்கள் என்பதை அது சொல்லும். விரிவுரையாளர் எப்படிப் படிப்பிக்கிறார் என்பதைச் சொல்லாது. இந்தச் சிறு வித்தியாசத்துக்காகப் பிள்ளையின் விருப்பத்தை மாற்றுவது மடமை என்பதே என் அபிப்பிராயம்.

பார்க்கவேண்டியது வேறு. இரண்டு இடங்களிலும் பெரும்பாலும் உள்ளே போன பிறகே சிறப்புத்துறை தீர்மானமாகிறது. அதுவும் அங்கு எடுக்கும் புள்ளிகளைக் கொண்டு. சிவில், மின், இயந்திரம், கணினி இரண்டிலும் உண்டு. புடைவை, போக்குவரத்து, புவிவளம் போன்றவற்றை நாடுபவர் மொறட்டுவைக்குத்தான் போகவேண்டும். ஆசைப்பட்ட துறை கிடைக்காவிட்டால் அடுத்ததாக எதைச் சந்தோஷமாகப் படிப்பாய் என்று பிள்ளையிடம் கேட்டேன். அதை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை.

இங்கே என் பட்சபாதத்தையும் ஒப்புக்கொள்ளவேண்டும். நான் பேராதனையில் கலைப்பட்டம் பெற்றவன். பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்த வளாகம் அது. கலை, மருத்துவம், விவசாயம், மிருக வைத்தியம் எல்லாம் ஒரே மலையடிவாரத்தில். வெள்ளிக்கிழமைகளில் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு எல்லாப் பீடத்துப் பிள்ளைகளும் வருவர். விடுதியில் என்னோடிருந்த பொறியியல் மாணவன் ஒருவனிடமே சிங்களம் பேசப் பழகினேன். யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் என்னைக் காப்பாற்றியது பட்டமல்ல, அந்தச் சிங்களம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, “ஆனால் நீ என்னைப்போல் கலை படிக்கப் போகவில்லை” என்றும் சொன்னேன்.

தாயார் அதுவரை கேட்காத கேள்வியை அப்போதுதான் கேட்டார்: “பகிடிவதை?” 1997 இல் பேராதனைப் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்ததை அவர் மறக்கவில்லை. மறுவருடம் பகிடிவதைக்கு எதிரான சட்டம் வந்தது. பழக்கம் முற்றாக ஒழிந்தது என்று நான் பொய் சொல்லவில்லை. பக்கத்து ஊர் என்பதால் பாதுகாப்பு என்ற கணக்கு அங்கே உடைந்தது. இரண்டு இடங்களிலும் இப்போது படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகளிடம் விடுதியைப் பற்றி நேரில் விசாரியுங்கள் என்றேன். இந்த விசாரணை கையேட்டை நூறு தடவை புரட்டுவதிலும் மேல்.

இந்த வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்து போகலாம். 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை அங்கே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களை ஒத்த வயதுப் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பவும் பயம், வீட்டில் வைத்திருக்கவும் பயம் என்றிருந்த காலம் அது. எந்தப் பல்கலைக்கழகம் என்று ஒரு தாயும் மகளும் என் விறாந்தையில் சண்டை பிடிப்பது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மூன்று நாள் கழித்துப் பிள்ளை வந்து, மொறட்டுவையை முதலாவதாகவும் பேராதனையை இரண்டாவதாகவும் போட்டு அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். தாயார் இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை.