மீண்டும் வரும் நோயாளி

1954ஆம் ஆண்டு டிசெம்பர் 23ஆம் திகதி பொஸ்டன் நகரில் வைத்தியர் ஜோசப் மறே, றொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகம் ஒன்றை அவருடைய இரட்டைச் சகோதரர் றிச்சர்ட்டுக்குப் பொருத்தி வெற்றி கண்டார். ஒத்த உருவினரான இரட்டையராதலின் உடல் அவ்வுறுப்பை அந்நியமென்று தள்ளவில்லை. எனினும் பழைய நோயே புதிய சிறுநீரகத்தையும் பற்ற, 1963இல் றிச்சர்ட் காலமானார். சத்திரசிகிச்சையோடு சிகிச்சை முடிவதில்லை என்பதை இத்துறையின் முதல் வெற்றியே உணர்த்திவிட்டது.

இன்று உறவினரல்லாதார் ஈந்த சிறுநீரகத்தையும் பொருத்த முடிகின்றது. ஆனால், அதனைக் காக்க உடலின் எதிர்ப்புச் சக்தியை மருந்தினால் அடக்கிவைத்தல் வேண்டும். அடக்கம் குறைந்தால் உடல் உறுப்பைத் தள்ளும்; மிகுந்தால் கிருமி புகும். அம்மருந்துகளாலேயே நீரிழிவு தோன்றுவதும் உண்டு. ஆதலால், ஐக்கிய அமெரிக்காவில் இச்சிகிச்சை பெற்று வீடு சென்றோரில் ஏறத்தாழப் பத்துக்கு மூவர் 30 நாட்களுக்குள் மீண்டும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டமை ஆய்வில் தெரியவந்துள்ளது.

இதனைக் கேட்டவுடன் வைத்தியரின் திறமையை ஐயுறுவோர் உளர். மீள்வருகையைக் குறைப்பதே சிறப்பென்பர். அக்கருத்து முற்றும் பொருந்தாது. எதிர்ப்புச் சக்தி அடங்கிய உடலிற் கடுந்தொற்றும் சிறு காய்ச்சலாகவே தோன்றக்கூடும். அந்நிலையில் உடனே வருபவர் உறுப்பையும் உயிரையும் காத்துக்கொள்கின்றார். எண்ணிக்கைக்கு அஞ்சி அவரை வீட்டில் இருத்துதல் அறமாகுமா?

நாம் நாணவேண்டிய மீள்வருகை வேறொன்றுண்டு. மருந்துண்ணும் முறை விளங்காமலும், மருந்து வாங்கப் பணமின்றியும் நேர்வது அது. அமெரிக்க அரசின் மெடிக்கேயர் திட்டம், சிறுநீரக நோயின் பொருட்டு மட்டும் அதில் இணைந்தோருக்கு, மாற்றுச் சிகிச்சை நிகழ்ந்து 36 மாதங்களின் பின் மருந்துச் செலவை நிறுத்திவந்தது. மருந்தின்றிச் சிறுநீரகம் பழுதாயின், அதனினும் பெருஞ்செலவான இரத்தச் சுத்திகரிப்புக்கு மீண்டும் பணம் கொடுத்தது! 2020இல் இயற்றப்பட்ட சட்டமே, 2023 தொடக்கம், வேறு காப்புறுதி அற்றோர்க்கு அக்கால எல்லையை நீக்கியது.

எனவே, எத்தனை பேர் திரும்பி வந்தனர் என்று எண்ணுவதோடு அமையாது, ஏன் வந்தனர் என்றும் வினவுதல் வேண்டும். நோயின் இயல்பால் வருவோருக்கு வைத்தியசாலையின் வாசல் எந்நேரமும் திறந்திருக்கட்டும். வறுமையாலும் அறியாமையாலும் வரும் நிலையை, அவர் வீடு செல்லுமுன்னரே தடுப்போமாக. ஒருவர் தம் உடலினின்றும் ஈந்த கொடை, மருந்துச் சீட்டுக்குப் பணமின்மையால் அழியலாகாது.