கனிஷ்கா: அந்த 329 பேர் யாருடைய மக்கள்? 40 ஆண்டு நினைவேந்தலில் இன்னும் முடியாத கேள்வி

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 23 அன்று காலை, அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் அஹாகிஸ்டா என்ற சின்னக் கடலோரக் கிராமத்தில் ஒரு கூட்டம் கூடுகிறது. சேலை கட்டிய பெண்கள், டர்பன் அணிந்த முதியவர்கள், கனடாவில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள், அந்த ஊர்ப் பள்ளிக் குழந்தைகள் எல்லோரும் வருகிறார்கள். விமானம் ரேடாரில் இருந்து மறைந்த நேரம் வந்ததும் எல்லோரும் மௌனமாக நிற்கிறார்கள்.

ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானத்தில் இறந்த 329 பேருக்கான அஞ்சலி அது. 2025-ல் 40-வது ஆண்டு நினைவேந்தல் நடந்தது. அயர்லாந்து பிரதமர் மிஹால் மார்ட்டின், இந்தியாவிலிருந்து மத்திய அமைச்சர் ஹர்தீப் சிங் புரி, கனடாவிலிருந்து பொதுப் பாதுகாப்பு அமைச்சர் கேரி ஆனந்தசங்கரி ஆகியோர் கலந்துகொண்டார்கள். ஆனந்தசங்கரி யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறுவயதிலேயே கனடாவுக்குச் சென்ற தமிழர்.

மூன்று நாடுகளும் சேர்ந்து நின்று அஞ்சலி செலுத்துகின்றன. அப்புறம் என்ன பிரச்சினை என்று தோன்றலாம். பிரச்சினை இதுதான்: இறந்தவர்களை 'எங்கள் மக்கள்' என்று உரக்கச் சொல்ல, அவர்களில் பெரும்பாலோரின் சொந்த நாட்டுக்கு 20 ஆண்டுக்கு மேல் ஆனது.

அன்று என்ன நடந்தது?

1985 ஜூன் 22. கனடாவின் டொரன்டோவிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியா 182, மான்ட்ரியலில் இறங்கி ஏறி, லண்டன் வழியாக டெல்லிக்கும் மும்பைக்கும் வர வேண்டும். 307 பயணிகள், 22 விமான ஊழியர்கள். பயணிகளில் பலர் கோடை விடுமுறைக்குத் தாத்தா பாட்டியைப் பார்க்கக் கிளம்பிய குடும்பங்கள். 80-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள்.

மறுநாள், ஜூன் 23, அயர்லாந்து நேரப்படி காலை எட்டேகால் மணி வாக்கில், 31,000 அடி உயரத்தில், சரக்குப் பகுதியில் இருந்த வெடிகுண்டு வெடித்தது. அயர்லாந்துக் கரையிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர் தூரத்தில் விமானம் துண்டு துண்டாக அட்லான்டிக் கடலில் விழுந்தது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கிடைத்த உடல்கள் 130 சொச்சம்தான். மீதிப் பேரைக் கடல் திருப்பித் தரவே இல்லை.

அதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் இன்னொரு பெட்டி வெடித்திருந்தது. பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த இரண்டு ஜப்பானிய ஊழியர்கள் இறந்தார்கள். அந்தப் பெட்டியும் இன்னொரு ஏர் இந்தியா விமானத்துக்குப் போக வேண்டியதுதான். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் வரைக்கும், விமானப் போக்குவரத்தின் மீது நடந்த மிகக் கொடூரமான பயங்கரவாதத் தாக்குதல் கனிஷ்காதான்.

தடுத்திருக்க முடியுமா?

முடிந்திருக்கும். நினைவேந்தலை இவ்வளவு கசப்பாக்குவதே இந்தப் பதில்தான்.

1984-ல் பொற்கோயிலில் ராணுவம் நுழைந்த 'ஆபரேஷன் புளூ ஸ்டார்', அடுத்து இந்திரா காந்தி படுகொலை, அதைத் தொடர்ந்து டெல்லியில் சீக்கியர்களுக்கு எதிராக நடந்த கொலைவெறி எல்லாம் சேர்ந்து கனடாவிலிருந்த காலிஸ்தான் தீவிரவாதக் குழுக்களுக்குத் தீனி போட்டன. ஏர் இந்தியா விமானங்களைக் குறிவைக்கலாம் என்ற எச்சரிக்கைகள் கனடா அமைப்புகளிடம் இருந்தன.

குண்டு வெடிப்பதற்கு மூன்று வாரம் முன்பு, கனடா உளவு அமைப்பின் ஆட்கள் பப்பர் கால்சா தலைவர் தல்விந்தர் சிங் பர்மாரைப் பின்தொடர்ந்து ஒரு காட்டுப்பகுதிக்குப் போனார்கள். உள்ளே பெரிய சத்தம் கேட்டது. துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்துத் திரும்பிவிட்டார்கள். அது வெடிப்பொருள் சோதனை என்று பின்னால்தான் புரிந்தது. பர்மாரின் தொலைபேசி உரையாடல்களை ஒட்டுக்கேட்ட டேப்புகளில் பெரும்பாலானவற்றையும் அதே அமைப்பு அழித்துவிட்டது.

பெட்டி ஏறிய கதை இன்னும் மோசம். வான்கூவரில் 'எம். சிங்' என்ற பெயரில் ஒருவர் வந்தார். டொரன்டோவிலிருந்து டெல்லிக்கு அவருடைய டிக்கெட் உறுதியாகியிருக்கவில்லை. ஆனாலும் பெட்டியை நேராக ஏர் இந்தியாவுக்கே அனுப்பச் சொல்லி அடம்பிடித்தார். பின்னால் நீண்ட வரிசை நின்றதால், கவுன்டரில் இருந்தவர் சரி என்று விட்டுவிட்டார். அந்தப் பெட்டி பயணம் செய்தது, 'எம். சிங்' விமானத்தில் ஏறவே இல்லை. டொரன்டோவில் எக்ஸ்ரே இயந்திரம் பாதியிலேயே பழுதாகிவிட, கையில் பிடிக்கும் கருவியை வைத்து மீதிப் பெட்டிகளைச் சோதித்தார்கள்.

ஆறுதல் யாருக்குச் சொல்ல வேண்டும்?

இறந்தவர்களில் 268 பேர் கனடா குடிமக்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர். சதி தீட்டப்பட்டது கனடாவில். குண்டு ஏறியதும் கனடாவில்தான். ஆனால் அன்றைய கனடா பிரதமர் பிரையன் மல்ரோனி இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியைத் தொலைபேசியில் அழைத்து இரங்கல் தெரிவித்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் வீட்டில் சாவு என்றால் நாம் போய்த் துக்கம் விசாரிப்போம். சாவு நம் வீட்டிலேயே என்றால்? குடும்பங்களுக்கு ஆறாத வடு அங்கேதான் விழுந்தது. கனடாவில் வரி கட்டி, கனடா பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களின் சாவு, 'இந்தியாவின் துயரம்' என்று ஓரமாக ஒதுக்கப்பட்டது. இறந்தவர்கள் வெள்ளையர்களாக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று குடும்பத்தினர் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இன்று வரைக்கும் யாரும் நேர்ப் பதில் சொல்லவில்லை.

உறவில்லாத ஊர் செய்தது

இந்த இடத்தில்தான் அஹாகிஸ்டா முக்கியமாகிறது. அந்த ஊருக்கும் விமானத்தில் இருந்தவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கடற்படையினரும் வணிகக் கப்பல் மாலுமிகளும் கடலிலிருந்து உடல்களை மீட்டார்கள். கார்க் நகர மருத்துவமனையின் செவிலியர்களும் ஊர்க்காரர்களும், கதறிக்கொண்டு வந்திறங்கிய குடும்பங்களைக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள்.

சரியாக ஓராண்டில், 1986 ஜூன் 23 அன்று, கடலைப் பார்த்தபடி ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. சிற்பி கென் தாம்சன் செய்த சூரியக் கடிகாரம் அதன் நடுவே நிற்கிறது. உடல்கூடக் கிடைக்காத குடும்பங்களுக்கு அதுவே கல்லறை. ஆண்டுதோறும் அங்கே போகிற குடும்பங்களுக்கும் அந்த ஊருக்கும் இடையே இப்போது சொந்தபந்தம் மாதிரி ஓர் உறவு உருவாகிவிட்டது.

கனடாவின் கணக்கைப் பாருங்கள். கனடா பிரதமர் ஒருவர் அஹாகிஸ்டா அஞ்சலிக்கு முதன்முதலாக வந்தது 2005-ல். அதே ஆண்டில்தான் ஜூன் 23 பயங்கரவாதத்தால் பாதிக்கப்பட்டோருக்கான தேசிய நினைவு தினமாக கனடாவில் அறிவிக்கப்பட்டது. டொரன்டோவிலும் வான்கூவரிலும் நினைவுச்சின்னங்கள் எழுந்தது 2007-ல். அதாவது 22 ஆண்டு கழித்து. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று: 1988-ல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி மீது பான் ஆம் விமானம் வெடித்ததில் 270 பேர் இறந்தார்கள். அமெரிக்கா தன் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் திறந்தது 1995-ல். ஏழே ஆண்டு.

நீதி கிடைத்ததா?

பெயருக்குத்தான். பர்மார் 1992-ல் பஞ்சாபில் போலீஸாரால் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்ட மற்ற இருவர், நீண்ட விசாரணைக்குப் பிறகு 2005 மார்ச்சில் விடுதலையானார்கள். ஆதாரம் போதவில்லை, சாட்சிகள் நம்பும்படி இல்லை என்றது நீதிமன்றம். தண்டனை பெற்ற ஒரே ஆள் இந்தர்ஜித் சிங் ரேயாத். குண்டு தயாரிக்க உதவியதாக ஒப்புக்கொண்ட அவருக்குக் கனிஷ்கா வழக்கில் கிடைத்தது 5 ஆண்டு சிறை. நரிட்டா குண்டுவெடிப்புக்கும், பொய்ச் சாட்சி சொன்னதற்கும் தனித்தனியாகத் தண்டனை அனுபவித்துவிட்டு 2016-ல் வெளியே வந்தார். 329 உயிருக்கு 5 ஆண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கவே மனசு வராது.

ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் மேஜர் தலைமையிலான விசாரணை ஆணையம் 2010 ஜூனில் அறிக்கை கொடுத்தது. போலீஸும் உளவு அமைப்பும் ஒன்றுக்கொன்று தகவலைப் பகிராமல் மல்லுக்கட்டியதை அது தோலுரித்தது. குடும்பங்களை அரசு எதிரிகள் போல நடத்தியது என்றும் சொன்னது. சில நாட்களிலேயே, 25-வது நினைவு நாளில், பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் டொரன்டோ நினைவிடத்தில் நின்று அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்புக்குப் பிறகும் மறதி

அத்தோடு முடிந்துவிட்டதா? 2023-ல் ஆங்கஸ் ரீட் நிறுவனம் கனடாவில் கருத்துக்கணிப்பு எடுத்தது. பத்தில் ஒன்பது பேருக்கு இந்தச் சம்பவம் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும், அல்லது எதுவுமே தெரியாது. 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் பாதிக்கும் மேல் கேள்விப்பட்டதே இல்லை. அந்த நாட்டின் வரலாற்றிலேயே மிகப்பெரிய படுகொலை பற்றித்தான் இந்த நிலை.

இந்த வெற்றிடத்துக்குள் அரசியல் வசதியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2023-ல் ஹர்தீப் சிங் நிஜ்ஜார் கொலையைத் தொடர்ந்து இந்தியா - கனடா உறவு சீர்கெட்டது. 2024 ஜூன் 18 அன்று கனடா நாடாளுமன்றம் நிஜ்ஜாருக்கு மௌன அஞ்சலி செலுத்தியது. உடனே வான்கூவர் இந்தியத் தூதரகம், ஜூன் 23 அன்று கனிஷ்கா நினைவேந்தலுக்கு வாருங்கள் என்று அழைப்பு விடுத்தது. இன்னொரு பக்கம், இதைச் செய்தது இந்திய அரசேதான் என்ற சதிக்கதையும் சுற்றுகிறது. கனடா விசாரணை ஆணையமோ, சதிக்குத் தலைமை தாங்கியவர் பர்மார்தான் என்றே சொல்லியிருக்கிறது.

இதில் அடிபடுவது குடும்பங்கள்தான். இரு நாட்டுக்கும் சண்டை வந்தால் அவர்களின் துக்கம் தலைப்புச் செய்தி ஆகிறது. உறவு சரியானால் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. ஒருவரைக் குத்திக்காட்டுவதற்காக நடத்தும் அஞ்சலியில், இறந்தவர் மறுபடியும் ஒரு ஓரத்துக்குத்தான் போகிறார். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குடும்பங்களின் நினைவுகளையும் ஆவணங்களையும் சேகரித்துக் காப்பகமாக்கி வருவது இதனால்தான் முக்கியம். இரு நாட்டு உறவு எப்படி மாறினாலும் அது மாறாது.

உங்கள் பயணத்திலும் இருக்கும் நினைவுச்சின்னம்

விமானத்தில் போகிறவர்களுக்கு இந்த அறிவிப்பு பழக்கமாக இருக்கும்: 'ஒரு பயணி வரவில்லை, அவருடைய பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கிறோம், சற்றுத் தாமதமாகும்.' எரிச்சலாக வாட்ச்சைப் பார்ப்போம். ஏறாத பயணியின் பெட்டி பறக்கக் கூடாது என்ற இந்த விதி சர்வதேச விமானங்களில் இறுகியதற்குக் கனிஷ்காவும், அதே மாதிரி ஆளில்லாப் பெட்டியால் விழுந்த லாக்கர்பி விமானமும்தான் முக்கியக் காரணம். கல்லில் பொறிக்காத நினைவுச்சின்னம் அது. அந்தப் பத்து நிமிடத் தாமதத்துக்கு ஏற்கெனவே விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

நாம் மட்டும் என்ன?

கனடாவை மட்டும் குறை சொல்லிவிட்டு நகர முடியாது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானத்தில் சவூதி, கஜகஸ்தான் விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். உலகிலேயே மோசமான நடுவான் மோதல் அது. சவூதி விமானத்தில் இருந்தவர்களில் பலர் வேலை தேடி வளைகுடாவுக்குப் புறப்பட்ட இந்தியத் தொழிலாளர்கள். அந்தத் தேதியை நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்தார்கள். அது நடந்து பதினோராவது நாள்தான் அஹாகிஸ்டாவில் கனிஷ்காவின் 40-வது ஆண்டு அஞ்சலி நடந்தது. அங்கே நின்றவர்களுக்கு அகமதாபாத் குடும்பங்களின் நிலைமை யாரும் சொல்லாமலே புரிந்திருக்கும். இழப்பீடு சில மாதத்திலோ சில ஆண்டிலோ வந்துவிடும். என்ன நடந்தது என்ற முழு உண்மையும், 'இவர்கள் எங்கள் ஆட்கள், பொறுப்பு எங்களுடையது' என்ற வார்த்தையும் வந்து சேர எத்தனை காலம் ஆகும் என்பதுதான் கேள்வி. கனிஷ்கா குடும்பங்கள் அந்த வார்த்தைக்காக 25 ஆண்டு காத்திருந்தார்கள். கேட்காமலே இறந்துபோன பெற்றோர்களும் அவர்களில் உண்டு.