ஆசிரியர் நோக்கும் மாணாக்கர் ஊக்கமும்

தவணைப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாட்களிற் பெற்றோர் பலர் நம்மைத் தெருவில் மறித்துக் கேட்கும் வினாக்கள் இரண்டு. பாடத்திட்டம் முடிந்துவிட்டதா என்பது ஒன்று. பிள்ளைக்குக் கணிதம் ஏன் ஏறவில்லை என்பது மற்றொன்று. "என் மகனைப் பற்றி அவனுடைய ஆசிரியர் என்ன எண்ணிக்கொண்டிருக்கிறார்?" என்று கேட்டவர் இதுகாறும் ஒருவரும் இலர். முதலிற் கேட்கவேண்டிய வினா அதுவே என்பது நம் துணிபு.

நன்னூலார் தம் பாயிரத்தில் நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்னும் நான்கினை உவமை கூறியதோடு அமையாது, ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு உவமை கூறிவைத்தார். கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்பன அவை. முடத்தெங்கின் பொருளை இக்காலப் பெற்றோருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. நீர் வார்த்தவன் வளவை விட்டு அயல் வளவிற் காய் உதிர்ப்பது அது. பகல் வகுப்பில் வாய் திறவாதவர் சிலர் மாலை ரியூஷனில் மழையெனப் பொழிவதை அறியாதார் யார்? நிற்க, நாம் இன்று எடுத்துக்கொள்வது மடற்பனையை. பனையிற் பழம் உண்டு. ஆயினும் கருக்குமட்டை ஒருவரையும் ஏறவிடாது. தானாக விழுவதைப் பொறுக்கிக்கொள்ளலாம், அவ்வளவே. கல்வியிற் குறைவின்றியும் மாணாக்கன் அணுகமுடியாதவாறு நிற்கும் ஆசிரியர் இத்தகையவர்.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. ஒரே ஆசிரியர் முன்வாங்குப் பிள்ளைகளுக்கு நிலமாகவும், பின்வாங்குப் பிள்ளைகளுக்கு மடற்பனையாகவும் இருத்தல் கூடும். அதனை அவரே அறியாதிருத்தலும் கூடும். மேரி பட் ரோ என்னும் அமெரிக்க அம்மையார் விஞ்ஞான வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1970களில் வெளியிட்ட முடிவுகள் இதற்குச் சான்று. வினாவை விடுத்தபின் ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருந்த நேரம் சராசரி ஒரே விநாடி! அதிலும், கெட்டிக்காரரெனத் தாம் கருதிய பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 2 விநாடி கொடுத்தவர்கள், மந்தமெனக் கருதிய பிள்ளைகளுக்கு ஒரு விநாடியும் முழுமையாகக் கொடுத்தாரில்லை. எவனுக்கு அவகாசம் மிகுதியும் வேண்டுமோ அவனிடமிருந்தே வினா விரைவாகப் பறிக்கப்படுகிறது. 3 விநாடிக்குமேற் பொறுத்திருக்கப் பழகிய வகுப்புகளிலோ விடைகள் நீண்டன. வாய் திறவாதிருந்தவர் பேசத் தொடங்கினர். ஆசிரியர் கையை ஓங்கவில்லை, கடுஞ்சொற் சொல்லவில்லை. ஆயினும், "உன்னிடம் விடை இராது" என்று அறிவித்துவிடுகிறார். பிள்ளையும் நாளடைவில் அதனை நம்பிவிடுகிறான்.

நம் மொழியில் ஆசிரியர் உள்ளத்தின் வலிமைக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களையே நாம் என்றும் காட்டுவோம். 1871-ஆம் ஆண்டு மாயூரத்தில் தந்தையாருடன் வந்து நின்ற உத்தமதானபுரத்து இளைஞரை அவர் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. சின்னாள் இருந்து சொல்லாமற் போய்விடும் மாணாக்கர் பலரைக் கண்டவர் அவர். ஆயினும் ஏற்றுக்கொண்டபின், கையிற் பொருளில்லாத நாட்களிலும் பாடத்தை நிறுத்தாதவர். நாகூர்க் குலாம் காதிறு நாவலரையும், கிறிஸ்தவராகிய சவரிராயலு நாயகரையும் தம் மாணாக்கராகக் கொண்டவர். வேங்கடராமன் என்னும் பெயரினும் வீட்டார் அழைக்கும் சாமிநாதன் என்னும் பெயரை விரும்பி, அதனாலேயே அவ்விளைஞரை அழைத்தார். உலகம் இன்றும் அப்பெயராலேயே உ. வே. சாமிநாதையரை அறிகிறது. 1876-இல் ஆசிரியர் மறைந்தார். அதன்பின் ஏறத்தாழ அறுபதாண்டு கழிந்து மாணாக்கர் எழுதிய ஆசிரியர் சரித்திரம் 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. அவ்வளவு நீண்டகாலம் நெஞ்சில் நிற்பது தண்டனையால் வருவதன்று.

ஆனால், அதே வரலாற்றில் வேறொரு செய்தியும் உண்டு. மேடைகளில் இதனை எவரும் எடுத்துரைக்கக் காணோம். மாயூரத்திலிருந்தபொழுது சாமிநாதையர் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் பயின்றுவந்தார். பிள்ளையவர்களுக்கு அது உவப்பாக இல்லை. இசையிற் புகுந்த மனம் இலக்கியத்தில் ஊன்றாது என்பது அவர் எண்ணம். மாணாக்கர் இசையை விட்டுவிட்டார். கடிந்துரையோ கட்டளையோ அதற்குத் தேவைப்படவில்லை. ஆசிரியருக்கு விருப்பமில்லை என்று தெரிந்ததே போதியதாயிற்று. தமிழ் பெற்ற பேறு பெரிது, ஐயமில்லை. எனினும் அன்புமிக்க ஆசிரியரின் நோக்கும் ஒரு கதவை அடைக்கவல்லது என்பதை நம் தொழிலினர் நினைவிற் கொள்ளவேண்டும். அன்பில்லாத நோக்கு எத்தனை கதவுகளை அடைக்கும்!

நம் குடாவைச் சூழ்ந்த ஊர்களுக்கு வருவோம். கரைவலைக் காலத்தில் விடியற்காலையில் வலை இழுத்துவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இங்கே உளர். அவர்கள் வகுப்பிற் கண்ணயர்ந்தால் அதற்குச் சோம்பல் என்று பெயர். 2009-இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, பாதை வரும்வரை துறையில் நின்று பிந்தி வந்தவர்கள் எத்தனை பேர்! குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23-ஆம் நாள் பாதை கவிழ்ந்தபொழுது, மாண்டவர்களுட் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தனர். அத்தகைய நீரைக் கடந்து வருபவனை வாயிலில் நிறுத்தி, "உனக்கெல்லாம் படிப்பு எதற்கு? தகப்பனோடு கடலுக்குப் போ" என்று சொல்லும் நா எவ்வகை நா? 1920களில் நம் திருகோணமலையிற் கல்விப்பணி புரிந்த விபுலாநந்த அடிகளார், 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். அக்காலத்தில் அருகிலுள்ள திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார். பேராசிரியப் பதவி அவருக்குக் கருக்குமட்டையாகவில்லை.

பிள்ளைகளை அடித்தலாகாதெனக் கல்வி அமைச்சு 2016-இற் சுற்றுநிருபம் விடுத்தது. நல்லதே. ஆனால் ஏளனத்தையும், ஒரு பிள்ளையைப் பாராமலே பாடத்தை நடத்திச்செல்லும் பார்வையையும் எச்சுற்றுநிருபம் தடுக்கும்? பெற்றோருக்கும் இதிற் பங்குண்டு. "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள், சேர்" என்று பிள்ளையின் முன்னிலையிலேயே சொல்லிச் செல்பவர் இன்றும் உளர். அவனைப் பற்றிய தீர்ப்பை வீட்டிலேயே எழுதி, ஆசிரியரிடம் கையொப்பத்துக்கு நீட்டுகிறார்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்திற் புள்ளிகளைக் கேட்குமுன், "என் பிள்ளை எதில் வல்லவன்?" என்று கேளுங்கள். உடனே விடை கூறும் ஆசிரியர் உம் பிள்ளையைப் பார்த்திருக்கிறார். அவர் தயங்கினாலும் குற்றமில்லை. மறுநாள் தொடக்கம் பார்ப்பார். புவியியல் வகுப்பிற் பருவப்பெயர்ச்சிக் காற்று வரும்பொழுது, பின்வாங்கில் இருக்கும் அந்தக் கரைவலைப் பிள்ளையை எழுப்பி, சோளகமும் வாடையும் கொண்டலும் கச்சானும் எத்திங்களில் எத்திசையிலிருந்து வீசுமென்று வினவி, 3 விநாடி பொறுத்திருக்கட்டும்.